நடக்காமலே பார்க்கலாம் செம்பாறை நாட்டை: தெற்கு யூட்டாவில் பத்து நாள் கார்ப் பயணம்

காரில் வலது பக்க முன்சீட் யாருக்கு என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இந்தப் பயணத்தில் முதல் வரிசை இருக்கை அதுதான். எங்கள் காரில் அது அம்மாவுக்கு. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். சமதளத்தில் பத்து நிமிடம் நடப்பார், படியைக் கண்டால் நின்றுவிடுவார். லாஸ் வேகஸில் வாடகைக் காரை எடுத்ததும் ஊர்ப் பழக்கத்தில் இடது பக்கக் கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டார். "சரி, நீயே ஓட்டு" என்றார் அப்பா.

தெற்கு யூட்டாவும் அதை ஒட்டிய வடக்கு அரிசோனாவும் மலையேறுபவர்களின் நாடு என்று பெயர் வாங்கியவை. யாரைக் கேட்டாலும் அந்தப் பாதையில் ஏறு, இந்தப் பள்ளத்தில் இறங்கு என்பார்கள். ஆனால் அங்கே சாலைகளே காட்சிக்குள் புகுந்துதான் போகின்றன. நடக்க முடியாத குறையை இரண்டு விஷயங்கள் ஈடுகட்டிவிடும்: எந்தத் திசையில் ஓட்டுகிறோம், எந்த நேரத்தில் போய் நிற்கிறோம். கீழே வருவதெல்லாம் அந்த இரண்டையும் சரியாக வைத்துக்கொள்வதற்கான வழிதான்.

சுற்றின் திசை

லாஸ் வேகஸில் தொடங்கி சயான், பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காக்கள், நெடுஞ்சாலை 12, கேபிடல் ரீஃப் பூங்கா, மோவாப் ஊர், மானுமென்ட் வேலி, பேஜ் ஊர், மறுபடி லாஸ் வேகஸ். கடிகாரம் சுற்றும் திசை. உள்ளூர் அலைச்சலையும் சேர்த்து ஏறத்தாழ 1,300 மைல், ஒன்பது இரவுகள்.

எதிர்த்திசையிலும் போகலாம், தூரம் ஒன்றுதான். ஆனால் இந்தத் திசையில் நெடுஞ்சாலை 12இல் வரும் போல்டர் மலைமேல் பள்ளத்தாக்கு வலது பக்கம், அம்மாவின் ஜன்னலில் விரியும். மானுமென்ட் வேலியின் குன்றுகளை நோக்கி நீளும் அந்தப் புகழ்பெற்ற நேர்ச்சாலைக் காட்சி கண்ணாடிக்கு நேர் முன்னால் எழும்பி வரும். பேஜ் பக்கமிருந்து வருபவர்களுக்கு அது பின்பக்கக் கண்ணாடியில்தான் தெரியும்.

ஐந்து நாள்தான் விடுமுறை என்றால் சயான், பிரைஸ், நெடுஞ்சாலை 12, கேபிடல் ரீஃப் வரை போய், ஐ-70, ஐ-15 பெருஞ்சாலைகள் வழியாகத் திரும்பிவிடுங்கள். மோவாப்பையும் அதே ஐந்து நாளில் திணிக்கப் பார்த்தால் பெரியவர்கள் பாறையைப் பார்ப்பதைவிடத் தூங்குவதுதான் அதிகமாக இருக்கும்.

கிளம்பும் முன்

ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். ஊரிலிருந்து பெற்றோர் வருவது பெரும்பாலும் கோடையில்தான் என்பது தெரியும். ஜூலையில் மோவாப்பில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். கோடையில்தான் போக வேண்டும் என்றால் காலை ஆறு முதல் பத்து வரை ஒரு சுற்று, மாலை ஐந்துக்கு மேல் ஒரு சுற்று, நடுவில் அறையில் ஏசி போட்டுத் தூக்கம். ஜூலை, ஆகஸ்ட் மதியங்களில் திடீர் மழை கொட்டும். மழை உங்கள் தலைமேல் பெய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. எங்கோ பெய்தது ஓடையில் வெள்ளமாக வந்து சேரும். சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடினால் காத்திருங்கள், இறங்காதீர்கள்.

நுழைவுக் கட்டணத்தில் இப்போது ஒரு பெரிய மாற்றம். தேசியப் பூங்கா ஆண்டுப் பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர். 2026 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டவருக்கு அதே பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாத வெளிநாட்டவர், 16 வயதும் அதற்கு மேலும் என்றால், பதினொரு பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். சயானும் பிரைஸும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 62 வயதானவர்களுக்கான மலிவு பாஸ் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும். விசிட்டர் விசாவில் வந்த அப்பாவுக்குக் கிடைக்காது. கிளம்பும் வாரத்தில் பூங்காத் துறையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மோவாப் பக்கத்து ஆர்ச்சஸ் பூங்காவில் சில ஆண்டுகளாக நேரம் குறித்து முன்பதிவு செய்துகொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. அதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

கார்: நடுத்தர எஸ்யூவி போதும். செடான் என்றால் முழங்கால்காரர்கள் எழுந்து வெளியே வரச் சிரமம், பெரிய வண்டி என்றால் ஏறச் சிரமம். மடக்கி வைக்கும் சின்ன ஸ்டூல் ஒன்று வாங்கிக்கொண்டால் ஏறி இறங்கவும் உதவும், காட்சி முனையில் உட்காரவும் உதவும். எங்கள் செலவிலேயே மிகப் பயன்பட்டது அதுதான். அடுத்தது பைனாகுலர். நடந்து போக முடியாத இடத்துக்குக் கண்ணாவது போகட்டும்.

கழிப்பறை விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, பெரியவர்களோடு போனால் அதுதான் முதல் கவலை. பூங்காக்களின் நிறுத்துமிடங்களில் கழிப்பறைகள் அடிக்கடி உண்டு. ஆனால் பல இடங்களில் அவை குழிக் கழிப்பறைகள், தண்ணீர்க் குழாயே இருக்காது. காரில் ஒரு குடம் போல ஐந்து கேலன் தண்ணீர், ஒரு சொம்பு, கை கழுவும் திரவம். சொம்பைப் பார்த்து மகன் சிரித்தான். இரண்டாம் நாள் அவனே கேட்டு வாங்கினான்.

சாப்பாட்டுக்கு: லாஸ் வேகஸ் இந்தியக் கடையில் அரிசி, தயிர், ஊறுகாய், புளிக்காய்ச்சல் வாங்கி, சின்ன ரைஸ் குக்கரையும் எடுத்துக்கொள்ளுங்கள். சைவர்களுக்குச் சிற்றூர்களில் சீஸ் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் கதி. ஞாயிற்றுக்கிழமை யூட்டாவின் சிறிய ஊர்களில் பல கடைகள் திறப்பதில்லை.

அப்புறம் பெட்ரோல். பாதி டாங்க்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். செல்போன் சிக்னல் மணிக்கணக்கில் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். ஆனால் அதை அப்படியே நம்பவும் வேண்டாம். முன்பு ஒருமுறை பேஜிலிருந்து பிரைஸுக்குப் போகும்போது, கைபேசி காட்டிய குறுக்கு வழியில் திரும்பி காட்டன்வுட் கேன்யன் ரோட்டில் நுழைந்தேன். 46 மைல் மண்சாலை. நனைந்தால் களிமண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். நல்லவேளையாக மேகத்தைப் பார்த்து மூன்றாவது மைலிலேயே திரும்பிவிட்டேன். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்சாலையை அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாள் 1, 2: சயான்

லாஸ் வேகஸிலிருந்து சயான் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊர் சுமார் 160 மைல். நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் நுழைந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். நேராக ஸ்பிரிங்டேல் போகாமல், ஐ-15இல் இன்னும் வடக்கே போய் 40ஆம் எண் வெளிவழியில் இறங்குங்கள். கோலோப் கேன்யன்ஸ். இதுவும் சயான் பூங்காவின் பகுதிதான், ஆனால் கூட்டம் இந்தப் பக்கம் வருவது குறைவு. ஐந்து மைல் சாலை, சொந்தக் காரிலேயே மேலே வரை போகலாம். பிற்பகல் வெயில் எதிரே இருக்கும் விரல் விரலான செங்குன்றுகள்மேல் விழும். முதல் செம்பாறையை இங்கே காட்டுவதுதான் முறை.

சயானின் முதன்மைப் பள்ளத்தாக்குச் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் கார் போகாது; பூங்காவின் இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். இதை ஒரு குறையாக நினைத்துக்கொண்டுதான் போனேன். நடக்காதவர்களுக்கு இது வரம். நிறுத்த இடம் தேடும் பாடு இல்லை, ஓட்டுபவரும் அண்ணாந்து பார்க்கலாம், சக்கர நாற்காலியும் ஏறும். காலை ஏழு மணி வாக்கில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போங்கள். அங்கே ஆற்றோரமாகத் தளம் போட்ட பாதை ஒன்று இருக்கிறது. அம்மா அதில் பத்து நிமிடம் நடந்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, வர்ஜின் ஆற்றில் காலை நனைத்துக்கொண்டார். திரும்பும்போது சயான் லாட்ஜில் இறங்கினால் புல்வெளியும் பெரிய மரநிழலும் உண்டு. புளியோதரைக்கு ஏற்ற இடம்.

இந்தப் பாறையெல்லாம் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் மணல்மேடுகளாக இருந்தவை. காற்று மணலைச் சரித்த கோடுகள் இன்னும் சாய்வாகத் தெரியும். மணலைச் சுற்றிப் பூசியிருக்கும் இரும்புத் துருதான் சிவப்பு.

நாள் 3: சுரங்கம் தாண்டி பிரைஸ்

சயானிலிருந்து கிழக்கே ஏறும் மவுண்ட் கார்மல் சாலையில் எந்நேரமும் சொந்தக் காரில் போகலாம். கொண்டை ஊசி வளைவுகள், பிறகு 1930இல் திறந்த 1.1 மைல் சுரங்கம். பாறையில் ஜன்னல்கள் குடைந்திருக்கிறார்கள். வெளிச்சம் பளிச் பளிச்சென்று வந்து போகும், நிற்க மட்டும் அனுமதி இல்லை. சுரங்கத்துக்கு அந்தப்பக்கம் வேறு உலகம்: செங்குத்துச் சுவர் போய், உருண்டு திரண்ட வெளிர் பாறைகள். சதுரங்கப் பலகை போலக் கோடு விழுந்த செக்கர்போர்டு மேசா சாலையோரத்திலேயே நிற்கும்.

பிரைஸ் இரண்டு மணி நேரம். இங்கே ஒரு தந்திரம் உண்டு. பூங்காச் சாலை தெற்கே 18 மைல் போய் ரெயின்போ பாயிண்டில் முடிகிறது. காட்சி முனைகள் எல்லாம் கிழக்கே, அதாவது போகும்போது இடது பக்கம். எதிர்வரும் வண்டிகளைக் கடந்து ஒவ்வொன்றிலும் திரும்பி நுழைவது தொல்லை. ஆகவே எங்கும் நிற்காமல் கடைசி வரை போய்விடுங்கள். திரும்பும்போது எல்லாம் வலது பக்கம் வரும், சும்மா ஒதுக்கி ஒதுக்கி நிறுத்தலாம். ரெயின்போ பாயிண்ட் 9,115 அடி, நம் தொட்டபெட்டாவை விட உயரம். அப்பாவுக்கு லேசாக மூச்சு வாங்கியது. மெதுவாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், இதய நோய் இருப்பவர்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: சன்செட் பாயிண்டில் சூரியன் மறையும்போது பள்ளம் முழுக்க நிழலாகிவிடும், ஏனென்றால் அரங்கம் போன்ற அந்தப் பள்ளம் கிழக்கே பார்த்தது. பார்க்க வேண்டியது விடியலில்.

நாள் 4: விடியலும் நெடுஞ்சாலை 12உம்

விடிவதற்கு அரை மணி முன் பிரைஸ் பாயிண்டுக்கோ சன்ரைஸ் பாயிண்டுக்கோ போய்விடுங்கள். ஜூனில்கூட ஸ்வெட்டர் வேண்டும். கீழே ஆயிரக்கணக்கான கல்தூண்கள், ஹூடூ என்பார்கள். பகலில் உருகும் பனி விரிசலுக்குள் இறங்கி, இரவில் உறைந்து விரிந்து, கல்லை நெம்பி நெம்பிச் செதுக்கியவை. அங்கே வாழ்ந்த பையூட் மக்களின் கதையில், தீயவர்களாக நடந்துகொண்ட பழங்குலத்தாரை ஓநாயைப் போன்ற சின்ன விலங்கான கயோட்டியின் வடிவில் இருக்கும் தந்திரக்காரக் கடவுள் கல்லாக்கிவிட்டான், நிற்பவர்கள் அவர்கள்தான். அகலிகை கதை சொல்லி வளர்ந்த அம்மாவுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. "ஆமா, அதோ ஒருத்தி இடுப்புல குடத்தோட நிக்கிறா பாரு" என்றார்.

சன்ரைஸ், சன்செட் முனைகளுக்கு இடையே அரை மைல் தளப்பாதை, ஏறக்குறைய சமதளம். அம்மா பாதி தூரம் நடந்தார், நான் காரை அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

பிறகு நெடுஞ்சாலை 12. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் என்றால், அதை இங்கே செலவழியுங்கள். டோரி ஊர் வரை நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரம். நாங்கள் எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டோம். எஸ்கலாண்டே ஊர் தாண்டியதும் ஹெட் ஆஃப் தி ராக்ஸ் என்ற காட்சி முனை வரும். கட்டாயம் நிறுத்துங்கள். நாம் இறங்கப்போகும் சாலை, கடலலை உறைந்தது போன்ற வெள்ளைப் பாறைக்கு நடுவே கறுப்பு நாடா போலக் கிடக்கும். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு வீடில்லை.

போல்டர் ஊருக்குச் சற்று முன்னால் ஹாக்பேக். மலைமுதுகின் மேலேயே சாலை. இரண்டு பக்கமும் சரிவு, தடுப்புச் சுவர் இல்லை. உயரம் பார்த்தால் தலை சுற்றுபவர்கள் ஓட்டாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள், பின்னால் வருபவன் ஒட்டினால் அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். அம்மா கண்ணை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. நான்தான் முழு நேரமும் மஞ்சள் கோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. போல்டருக்கு 1930கள் வரை தபால் கோவேறு கழுதை முதுகில்தான் வந்தது என்றால் ஏன் என்று இந்த இடம் சொல்லிவிடும்.

அதன்பிறகு போல்டர் மலை, 9,600 அடி வரை ஏற்றம். சட்டென்று பாலைவனம் போய் ஆஸ்பன் மரங்கள். அக்டோபர் தொடக்கத்தில் மஞ்சளாக எரியும். வலது பக்கம் காட்சி முனைகள் வரிசையாக வரும். நாளை போகப்போகும் கேபிடல் ரீஃப் முழுவதும் காலடியில் கிடக்கும். மாடும் மானும் சாலையில் நடமாடும் இடம் இது, இருட்டும் முன் டோரி போய்ச் சேருங்கள்.

நாள் 5: கேபிடல் ரீஃப், பிறகு மோவாப்

டோரியிலிருந்து பூங்காவுக்குள் போகும் நெடுஞ்சாலை 24க்குக் கட்டணம் இல்லை. எட்டு மைல் உள்சாலைக்கு மட்டும் உண்டு. பூமியின் தோல் கிட்டத்தட்ட நூறு மைல் நீளத்துக்கு மடிந்து எழும்பிய இடம் இது. அந்த மடிப்பின் நடுவில், நம்ப முடியாதபடி, பழத்தோட்டம். 1880களில் குடியேறிய, மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் வைத்தது. ஃப்ரூட்டா என்று ஊருக்கே பெயர். இப்போது பூங்காத் துறை பராமரிக்கிறது. பறிக்கும் காலத்தில் தோட்டத்துக்குள் நின்று தின்றால் காசில்லை, எடுத்துப் போனால் காசு. அருகே கிஃபோர்ட் வீட்டில் பழ அடை (பை) விற்பார்கள், மதியத்துக்குள் போய்விடுங்கள். சாலையோரத்தில் மரப்பலகை நடைபாதை ஒன்றிலிருந்து ஃப்ரீமான்ட் என்ற பழங்கால மக்கள் பாறையில் கொத்திய உருவங்கள் தெரியும். பைனாகுலர் இங்கே வேலை செய்யும்.

கிழக்கே போகப் போகச் சிவப்பு மறைந்து சாம்பல் நிறக் குன்றுகள், நிலவில் ஓட்டுவது போல. ஹாங்க்ஸ்வில்லில் பாறையைக் குடைந்து கட்டிய பெட்ரோல் பங்கில் நிரப்பிக்கொள்ளுங்கள். நேரமிருந்தால் காப்ளின் வேலி: நிறுத்துமிடத்தின் நிழற்குடையிலிருந்தே குட்டிச்சாத்தான் கூட்டம் போன்ற பாறைகள் முழுவதும் தெரியும்.

நாள் 6, 7: மோவாப்

ஆர்ச்சஸ் பூங்காவில் 2,000க்கு மேற்பட்ட கல்வளைவுகள். அடியில் இருக்கும் உப்புப் படுகை நகர்ந்ததில் மேலிருந்த பாறை இணை இணையாக விரிசல் விட்டு, மெல்லிய சுவர்களாகி, சுவரில் ஓட்டை விழுந்து வளைவாகியிருக்கிறது. 2008இல் வால் ஆர்ச் என்ற ஒன்று ஓர் இரவில் இடிந்து விழுந்தது. காலையில் போங்கள். பேலன்ஸ்டு ராக் காரிலிருந்தே தெரியும், 128 அடி. விண்டோஸ் பகுதியில் நிறுத்தினால் மூன்று நான்கு வளைவுகள் உட்கார்ந்த இடத்திலேயே. யூட்டாவின் நம்பர் பலகையில் இருக்கும் டெலிகேட் ஆர்ச்சுக்கு மேலே ஏற வேண்டாம். கீழ்க் காட்சி முனை நிறுத்துமிடத்திலிருந்து சுமார் நூறு கெஜம், சமதளம். வளைவு தூரத்தில் சின்னதாகத்தான் தெரியும். பக்கத்தில் போனால்தான் அழகு என்று ஏறியவர்கள் சொல்வார்கள், உண்மைதான், விட்டுவிடுங்கள்.

மாலையில் டெட் ஹார்ஸ் பாயிண்ட். மாநிலப் பூங்கா, தேசியப் பாஸ் செல்லாது. நிறுத்திவிட்டு நாலு எட்டு வைத்தால் 2,000 அடி கீழே கொலராடோ ஆறு வளைந்து திரும்புகிறது. மேட்டில் அடைத்து விடப்பட்ட காட்டுக் குதிரைகள் ஆற்றைப் பார்த்தபடியே தாகத்தில் செத்ததாகக் கதை. மறுநாள் காலை கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் கிராண்ட் வியூ பாயிண்ட், மாலை நெடுஞ்சாலை 128. ஆற்றை ஒட்டியே போகும் இந்தச் சாலை எனக்கு ஆர்ச்சஸைவிடப் பிடித்தது. கடைசி வெயிலில் ஃபிஷர் டவர்ஸ் என்ற பாறைக் கோபுரங்கள் கனல் போலச் சிவக்கும்.

நாள் 8: மானுமென்ட் வேலி

மோவாப்பிலிருந்து தெற்கே நெடுஞ்சாலை 191இல் 24 மைலில் வில்சன் ஆர்ச் சாலையோரத்திலேயே இருக்கிறது, இலவசம். அடுத்து, 211இல் திரும்பிப் பன்னிரண்டு மைல் போனால் நியூஸ்பேப்பர் ராக்: ஒரே பாறையில் நூற்றுக்கணக்கான கொத்துருவங்கள், காரிலிருந்து இருபது முப்பது அடிகள். மெக்சிகன் ஹாட் அருகே கூஸ்நெக்ஸில், நிறுத்துமிடத்தின் விளிம்பிலேயே சான் ஹுவான் ஆறு 1,000 அடி ஆழத்தில் பாம்பாக நெளியும். அங்கிருந்து மோகி டக்வே என்ற சரளைக்கல் மலைச்சாலைக்கு யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள்.

அப்புறம் அந்த நேர்ச்சாலை. 13ஆம் மைல்கல் அருகே ஒதுங்க இடம் உண்டு. நடுச்சாலையில் நின்று படம் எடுப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள், கவனம்.

மானுமென்ட் வேலி நவஹோ பழங்குடி மக்களின் சொந்த நிலம். தனிக் கட்டணம், தேசியப் பாஸ் செல்லாது, மதுவும் ட்ரோனும் கூடாது. 17 மைல் மண்சாலைச் சுற்று குலுக்கி எடுக்கும். முதுகுவலிக்காரர்களுக்கு வேண்டவே வேண்டாம். அப்பாவும் மகனும் நவஹோ வழிகாட்டியின் ஜீப்பில் போனார்கள், தலைமுடி வரை செம்மண்ணோடு வந்தார்கள். அம்மாவும் நானும் பார்வையாளர் மையத்து மாடத்திலேயே இருந்தோம். மூன்று பெரிய குன்றுகளும் அங்கிருந்தே நேரெதிரே. அஸ்தமன வெயில் நமக்குப் பின்னாலிருந்து அவற்றின்மேல் விழும். இரண்டு மணி நேரம் அம்மா அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

நாள் 9, 10: பேஜ், திரும்புதல்

ஒரு கடிகாரச் சிக்கல்: கோடையில் நவஹோ நிலம் யூட்டா நேரத்தில் ஓடும், பேஜ் ஊர் ஒரு மணி நேரம் பின்னால். குறுகிய பாறைப் பிளவான ஆன்டிலோப் கேன்யனுக்கு முன்பதிவு செய்தால் அது பேஜ் நேரம். முழங்கால்காரர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். கீழ்க் கேன்யனில் ஏணிகளே உண்டு. ஆறு லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டுக்கு வாகன நிறுத்துமிடத்திலிருந்து 0.6 மைல், பாதை நன்றாக இருக்கிறது, நிழல்தான் இல்லை. சக்கர நாற்காலி இருந்தால் தள்ளிக்கொண்டு போகலாம். இல்லையென்றால் வாவீப் காட்சி முனைக்குக் காரிலேயே ஏறி பவல் ஏரியைப் பாருங்கள்.

பேஜிலிருந்து லாஸ் வேகஸ் ஏறத்தாழ 275 மைல், கனாப் வழியாக. காலையில் கிளம்பினால் ஐ-15இல் 75ஆம் வெளிவழியில் வேலி ஆஃப் ஃபயர் என்ற செம்பாறைப் பூங்காவுக்குள் ஒரு மணி நேரம் நுழைந்து வரலாம். கோடை மதியத்தில் வேண்டாம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் வழியில் வரும் மெஸ்கீட் ஊரில் பெட்ரோல் போடும்போதே கால்மிதிகளை எடுத்து நன்றாக உதறிவிடுங்கள், சுத்தம் செய்யத் தனியாகப் பணம் பிடிப்பார்கள். அந்தச் செம்மண்ணில் ஒரு பிடியை அம்மா மாத்திரை டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டார்.